'யூகம்தானே பாஸ்' என்றவருக்கு

முதலிலேயே சொல்லிடறேன், இது கொஞ்சம் சூடான பதிவு. வழக்கமா பிளாஸ்டிக் மாடலுக்குப் பெயின்ட் அடிச்ச கதை, பசை விரல்ல ஒட்டிக்கிட்ட கதைன்னு எழுதிட்டிருந்தவன் திடீர்னு ஏன் சாமியாடறான்னு தோணினா, பாதி வரைக்குமாவது படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க.

போன வாரம் சக பதிவர் ஒருத்தர் ஒரு பழைய போட்டோ போட்டிருந்தார். மணலில் வயிறு தேயக் கிடக்கும் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 109. புரொப்பல்லர் அலகு மூணும் பின்பக்கமா வளைஞ்சிருக்கு. விலாவில் 14 என்று எண். பக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் இறக்கை மேல ஒரு காலைத் தூக்கி வெச்சு, ஏதோ தானே சுட்டு விழுத்தின மாதிரி போஸ் கொடுக்கறார். கீழே கொட்டை எழுத்தில்: ஆப்பிரிக்காவின் நட்சத்திரம் மார்செய் உயிர்விட்ட விமானம்!

சும்மா போயிருக்கலாம். போகலை. பின்னூட்டம் போட்டேன். ஹான்ஸ் யோவாகிம் மார்செய் செத்தது 1942 செப்டம்பர் 30. யாரும் சுடலை. இன்ஜின் கோளாறாகி காக்பிட் பூரா புகை, வெளியே குதிக்கும்போது விமானத்தின் வால் பக்கம் அடிபட்டு, பாராசூட் விரியாமலே போய்ச் சேர்ந்தார். ஆளில்லாத விமானம் தன்பாட்டுக்குப் போய்த் தரையில் குத்தியது. அப்படிக் குத்தின விமானம் இப்படி அழகா வயிறு தேய்ச்சு, முழு உடம்போட, சிப்பாய் கால் வைக்க இறக்கையை நீட்டிக்கிட்டு படுத்திருக்காது அண்ணே என்று பணிவாகத்தான் எழுதினேன்.

வந்த பதில்: "யூகம்தானே பாஸ். டேக் இட் ஈஸி. அவங்க செத்தே 80 வருஷம் ஆச்சு, இதுல யாருக்கு என்ன நஷ்டம்? :-)"

அதுக்குக் கீழே ஏழெட்டு பேர் 'அதானே', 'விடுங்க தல', 'இவரு எப்பவுமே இப்படித்தான்'. கும்மி.

நஷ்டம் யாருக்குன்னு கேட்டார் இல்லையா, அதுக்குத்தான் இந்தப் பதிவு. பின்னூட்டப் பெட்டி பத்தாது.

முதலில் அந்த 14-ஐ முடிச்சுடுவோம். மார்செய் என்றால் 'மஞ்சள் 14' என்று மாடல் செய்யற பசங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஆனா மஞ்சள் 14 என்பது ஒரு விமானம் இல்லை. 109-இல் எஃப்-4 ரகத்தில் மட்டும் நாலு விமானம் அந்த எண்ணோட அவர் கைக்கு வந்து போயிருக்கு. கடைசி நாளில் அவர் ஓட்டினது எஃப் ரகமே கிடையாது, புதுசா வந்திருந்த ஜி-2. சரி, எண் 14 என்றால் அவருடையதுன்னே வெச்சுக்குவோமா? அதுவும் முடியாது. ஜெர்மன் சண்டை விமானப் படையில் எண் மட்டும் அடையாளம் இல்லை, எண்ணோட நிறம்தான் அது எந்த ஸ்டாஃபல் என்று சொல்லும். ஸ்டாஃபல் என்றால் பத்துப் பன்னிரண்டு விமானம் கொண்ட ஒரு சிறு அணி. வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று வரிசையா வரும். அப்புறம் சிலுவைக்குப் பின்னாடி ஏதாவது கோடு இருக்கான்னு பார்க்கணும். படுக்கைக் கோடு இருந்தா இரண்டாம் குரூப்பே. அதே பாலைவனத்தில் பறந்த படைப்பிரிவும் ஒன்றில்லை, பல. ஆக 14 என்ற எண் மட்டும் தெரியும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வெச்சுக்கிட்டு ஆளைச் சொல்றது, பஸ்ஸில் 'குமார்' என்று யாரோ கூப்பிட்டதைக் கேட்டுட்டு நம்ம ஊர்க் குமார்னு முடிவு பண்ற மாதிரி.

நிறத்தைப் படத்திலேயே கண்டுபிடிக்கலாமேன்னு கேப்பீங்க. அங்கதான் வேடிக்கை. அந்தக் காலத்தில் சிப்பாய்கள் கேமராவில் போட்ட ஃபிலிம் இரண்டு ஜாதி. ஒன்று எல்லா நிறத்தையும் ஓரளவு ஒழுங்கா சாம்பலாக்கும் பான்குரோமேட்டிக். இன்னொன்று ஆர்த்தோகுரோமேட்டிக். அதுக்குச் சிவப்பே கண்ணில் படாது. சிவப்பு கிட்டத்தட்ட கறுப்பா விழும், மஞ்சளும் இருண்டு போகும், நீலம் வெளுத்துடும். பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தில் வெளியே ஒரு மஞ்சள் வளையம் உண்டே, அது கன்னங்கரேல்னு தெரியற படங்களைப் பார்த்திருப்பீங்க. பெயின்டைக் கறுப்பா அடிக்கலை, ஃபிலிம் பண்ணின வேலை. மஞ்சள் 14 கறுப்பு 14-ஆ தெரியலாம், சிவப்பும் அப்படியே தெரியலாம். எந்த ஃபிலிம்னு தெரியாம நிறம் சொல்றவர் ஜோசியம் சொல்றார்.

இப்ப சொ.செ.சூ. கதைக்கு வரேன். சொந்தச் செலவில் சூனியம் வெச்சுக்கிட்ட கதை. இவ்வளவு பேசறவன் யோக்கியனான்னு கேட்டா, இல்லை.

2009-ல் இணைய ஏலத்தில் சில யூரோ கொடுத்து ஒரு போட்டோ வாங்கினேன். உள்ளங்கை அளவு, ஓரம் மரம் அறுத்த மாதிரி பல்லுப் பல்லா வெட்டினது. வயலில் வயிற்றால் இறங்கின இரட்டை இன்ஜின் குண்டுவீச்சு விமானம், யுங்கர்ஸ் 88. (ஆரம்பத்தில் அதையே நான் தப்பா எடுத்தவன். இன்ஜின் முன்பக்கம் வட்டமா இருக்கவும் நட்சத்திர வடிவ சிலிண்டர் இன்ஜின்னு நினைச்சேன். உள்ளே இருப்பது நீளவாட்டு இன்ஜின், வட்டமா இருப்பது ரேடியேட்டர். விடுங்க, அது தனி அசிங்கம்.) விமானத்தின் விலாவில் சிலுவை. சிலுவைக்கு இடது பக்கம் இருக்க வேண்டிய இரண்டு எழுத்துல முதல் எழுத்தின் மேல்பாதியை ஒரு சிப்பாயின் தோள் மறைச்சிருக்கு. அடுத்தது 'கே'. தெரிஞ்ச பாதியைப் பார்த்தேன், 9 மாதிரி இருந்தது. 9கே என்றால் 51-ஆவது குண்டுவீச்சுப் படை, எடல்வைஸ் பூ சின்னம் போட்டவங்க. 1940 ஆகஸ்டில் இங்கிலாந்து மேல பறந்து அடிவாங்கினவங்க. வயல் பச்சையா இங்கிலாந்து மாதிரியே இருந்தது. (கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை தெரிஞ்சது எனக்கு மட்டும்தான்.) பக்கத்தில் நிற்பவர் ஹோம் கார்டு, கிராமத்துக் காவல் படைக்காரர். இழப்புப் பட்டியலைப் புரட்டினேன். தோதா ஒரு விமானம் சிக்கியது. நாலு பேர் அதில், நாலு பேரும் செத்திருக்காங்க.

நாலு பேர் பேரையும் போட்டுப் பதிவை எழுதினேன். தலைப்பிலேயே தேதி. அன்னிக்கு வந்த பின்னூட்டமெல்லாம் பார்த்து ஒரு வாரம் தரையில் கால் படலை.

அடுத்த வருஷம் ஒரு பெரியவர் பின்னூட்டம் போட்டார். ஓய்வு பெற்றவர், புனைபெயர்தான், அதுவரை வந்ததில்லை. ஒரே வரி: "தம்பி, அந்தச் சிப்பாயின் காலைப் பாருங்க."

பார்த்தேன். முழங்கால் கிட்ட வர்ற உயரமான பூட்ஸ், பேன்ட்டை உள்ளே திணிச்சு. ஹோம் கார்டு போட்டது கணுக்கால் பூட்ஸும் அதுக்கு மேல ஒரு பட்டையும். இது ஜெர்மன் சிப்பாய். இங்கிலாந்து வயலில் ஜெர்மன் சிப்பாய் ஹாயா கை கட்டிக்கிட்டு நிக்கறாருன்னா சரித்திரத்தையே மாத்தி எழுதணும்!

அதுக்கப்புறம் எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சது. காக்பிட்டுக்குப் பின்னாடி துப்பாக்கி வைக்கும் இடம் இரண்டு குமிழா உப்பியிருக்கு. அது ஏ-4 ரகத்தோட அடையாளம். 1940 ஆகஸ்டில் 51-ஆவது படை ஓட்டினது ஏ-1. வாலுக்கு முன்னாடி உடம்பைச் சுத்தி வெளிறின ஒரு பட்டை. வெயில் பட்டுப் பளபளக்குதுன்னு நான் ஒதுக்கினது. அது மஞ்சள் பட்டை. 1941 ஜூனில் ரஷ்யா மேல போனப்போ கிழக்கு முனை விமானங்களுக்குப் போட்ட அடையாளம். கடைசியா அந்த 9. ஒரு தாளில் 9-ஐயும் 5-ஐயும் எழுதி மேல்பாதியைக் கையால மூடிப் பாருங்க. ரெண்டும் ஒண்ணு. 5கே என்றால் 3-ஆவது குண்டுவீச்சுப் படை. அவங்களும் ரஷ்யாவில் யுங்கர்ஸ் 88 ஓட்டினாங்க, 51-உம் அங்கே இருந்தது. ஆக எந்தப் படைன்னுகூட இந்தப் படத்தை வெச்சுச் சொல்ல முடியாது.

எல்லாத்தையும் விட முக்கியமானது ஒண்ணு. ஒழுங்கா வயிற்றால் இறங்கின விமானம், தீப்பிடிச்ச தடம் இல்லை, காக்பிட் நசுங்கலை. உள்ளே இருந்தவங்க அநேகமா இறங்கி நடந்து போயிருக்காங்க. அவங்களை நான் கொன்னுட்டேன். எங்கேயோ வேற வயலில் செத்த நாலு பேரைத் தூக்கிட்டு வந்து இங்கே படுக்க வெச்சுட்டேன்.

திருத்தினேனான்னு கேட்டா, திருத்தினேன். எப்படித் தெரியுமா? பதிவின் கடைசியில் 'பி.கு: சில மாற்றுக் கருத்துகள் உள்ளன' என்று சின்ன எழுத்தில். தலைப்பை மாத்தலை. அந்தத் தலைப்புக்குத்தான் அவ்வளவு பேர் வந்தாங்க, அதைப் போய் எப்படி...

2011-ல் ஜெர்மனியிலிருந்து ஒரு மெயில். ஒரு பெண்மணி, நல்ல ஆங்கிலம். நாலு பேரில் ஒருத்தர் அவங்க தாய்மாமன். என் படத்தை யாரோ எடுத்து ஓர் ஆங்கிலப் பக்கத்தில் போட்டிருக்காங்க, பேர்களோட, என் பி.கு. இல்லாம. அதைப் பார்த்து, தேடித் தேடி என்கிட்ட வந்திருக்காங்க. அம்மாவுக்கு 83 வயசு, அண்ணன் போனப்போ 12 வயசு. அண்ணன் கடைசியாப் பறந்த விமானத்தைப் பார்த்ததே இல்லை. படத்தைப் பெருசா பிரின்ட் போட்டுக் கட்டில் பக்கத்தில் வெச்சிருக்கோம், இன்னும் தெளிவான ஸ்கேன் கிடைக்குமா, விமானத்துக்குப் பக்கத்தில் நிற்பது யார்னு தெரியுமா என்று கேட்டிருந்தாங்க.

மூணு நாள் பதில் எழுதலை. நாலாம் நாள் எழுதினேன். தப்பு என்னுது, அது உங்க மாமா விமானம் இல்லை, எப்படித் தெரியும்னா இப்படி இப்படி என்று பூட்ஸிலிருந்து பட்டை வரைக்கும். ஒரே வரியில் பதில் வந்தது. படத்தை எடுத்துவிட்டோம், சொன்னதற்கு நன்றி.

பாஸ், நஷ்டம் இவங்களுக்கு.

"ஆனா அவங்க நாஜி விமானிங்கதானே, அவங்களுக்குப் போய்க் கண்ணீரா?" இதுவும் அந்தக் கும்மியில் வந்த கேள்விதான். நியாயமான கேள்வி, அதனால ஒழுங்கா பதில் சொல்றேன். கண்ணீர் விடச் சொல்லலை. சரியா எழுதச் சொல்றேன். அவங்க குண்டு போட்டவங்க என்பது உங்களுக்கு முக்கியம்னா, எந்த விமானம், எந்தப் படை, எந்த ராத்திரி, எந்த ஊர் என்பது இன்னும் அதிக முக்கியமாகணும். 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினில் குவெர்னிகா ஊரை ஜெர்மனியின் காண்டோர் படை குண்டு போட்டு எரிச்சது. ஃபிராங்கோ தரப்பு பல வருஷம், ஊர்க்காரங்களே கொளுத்திக்கிட்டாங்கன்னு சாதிச்சது. யார் பண்ணினாங்கன்னு தப்பாச் சொல்றதால லாபம் யாருக்குன்னு யோசிங்க.

இன்னொரு கதை சொல்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்சது, கொஞ்சம் நீளும். 1940 நவம்பர் 6. இங்கிலாந்தின் தென்கரை, டார்செட்டில் வெஸ்ட் பே என்ற இடம். வழி தப்பின ஒரு ஹைன்கல் 111 கடலோரத்தில் வந்து இறங்கிடுச்சு. விலாவில் 6என் என்ற குறி. தெரியாதவனுக்கு அது இன்னொரு ஹைன்கல். தெரிஞ்சவனுக்கு அது 100-ஆவது குண்டுவீச்சு குரூப்பே. ரேடியோ கதிரைப் பிடிச்சுக்கிட்டு இருட்டில் இலக்கைக் கண்டுபிடிச்சு, மத்தவங்களுக்கு நெருப்பால வழி காட்டும் படை. உள்ளே எக்ஸ்-கெரேட் என்ற அந்தக் கருவி. புதையல்! தரைப்படைக்காரங்க கயிறு கட்டி மேலே இழுக்கப் பார்த்தாங்க. கப்பற்படைக்காரங்க வந்து, தண்ணியில் கிடக்கு, அதனால இது எங்க சொத்துன்னாங்க. கிராம எல்லைத் தகராறு மாதிரியே. இழுத்த இழுப்பில் ஆழத்தில் போய் மூழ்கிடுச்சு. அப்புறம் கருவியை மீட்டாங்க, உப்புத் தண்ணி ஊறி அரிச்சுப் போயிருந்தது. அதைப் பிரிச்சுப் பார்த்தப்பதான் ஒரு விஷயம் தெரிஞ்சது. கதிரைக் குழப்பறதுக்கு பிரிட்டிஷ்காரங்க 1500 ஹெர்ட்ஸ்னு நினைச்சு ஏற்பாடு பண்ணியிருந்தாங்க, நிஜம் 2000. தெரியறதுக்குள்ள நவம்பர் 14 ராத்திரி தாண்டிடுச்சு. அன்னிக்குக் கோவென்ட்ரி நகரம் எரிஞ்சது. 568 பேர். வழி காட்டினது இதே 100-ஆவது குரூப்பே.

விழுந்த விமானத்தைப் படிக்கத் தெரியறது என்பது அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வேலை. பிரிட்டனில் அதுக்கென்றே ஏ.ஐ.1(ஜி) என்று ஒரு உளவுப் பிரிவு இருந்தது. ஒவ்வொரு விமானம் விழும்போதும் போய் எண், தயாரிப்புத் தகடு, துப்பாக்கி, கவசத் தகடு எல்லாம் குறிச்சு அறிக்கை எழுதுவாங்க. எரிஞ்சு கரியாப் போயிருந்தா அப்படியே எழுதிட்டு நிறுத்திக்குவாங்க. நேரில் போய்ச் சாம்பலைக் கிளறினவனே 'தெரியலை' என்று எழுதியிருக்கான். நம்மாளு வீட்டில் உக்காந்து மங்கலான ஸ்கேனைப் பார்த்துப் பைலட் பேர், சொந்த ஊர் வரைக்கும் சொல்றார்.

இந்தப் படங்கள் நம்மை ஏமாத்த எத்தனை வழி வெச்சிருக்குன்னு பாருங்க. 1940-ல் பிரிட்டிஷ் பத்திரிகைப் படத்தில் இடம் பேர் போடத் தணிக்கை விடாது. 'தென்கிழக்கில் எங்கோ' என்பதுதான் விலாசம். விழுந்த மெஸ்ஸர்ஷ்மிட்டுகளை லாரியில் ஏத்தி ஊர் ஊரா, டவுன் ஹால் வாசல்ல காட்சிக்கு வெச்சு, டிக்கெட் போட்டு ஸ்பிட்ஃபயர் நிதி வசூல் பண்ணினாங்க. ஒரே விமானம் பல ஊரில் படமாகியிருக்கு. ஒவ்வொரு ஊர்க்காரரும் இது எங்க ஊரில் விழுந்ததுன்னு சத்தியம் பண்ணுவார். கடைசியில் உடைசல் எல்லாம் ஆக்ஸ்போர்டு பக்கம் கவ்லி குப்பைக் கிடங்குக்குப் போச்சு. அங்கே ஒண்ணோட இறக்கை இன்னொண்ணோட வால் மேல கிடக்கும். பால் நாஷ் என்ற ஓவியர் அதைப் பார்த்துத்தான் 'டோட்டஸ் மேர்', செத்த கடல், என்ற ஓவியத்தை வரைஞ்சார். லண்டன் டேட் காலரியோட சேகரிப்பில் இருக்கு. அலை மாதிரி இறக்கையா வந்து மோதும். அந்தக் குவியல் படத்திலிருந்துகூட ஒருத்தர் ஒரு வாலைக் காட்டி 'இது இன்னாருடையது' என்று எழுதியதைப் படிச்சிருக்கேன். எனக்குப் பேச்சு வரலை.

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் பண்ற பார்ட்டிகள் வேற. அதுக்கு ஒரு சுலப வழி இருக்கு, வெச்சுக்குங்க. மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கு இன்ஜினுக்குக் காத்து இழுக்கற மூக்குத் துவாரம் இடது பக்கம்தான். காக்பிட் மூடி வலது பக்கமாத்தான் திறக்கும். படத்தில் மாறியிருந்தா விமானம் மாறலை, நெகட்டிவ் மாறியிருக்கு.

இதெல்லாம் தெரியாம நடக்கற தப்பு. தெரிஞ்சே ஏமாத்தினதும் உண்டு. 1940-ல் ஜெர்மன் பிரசாரத் துறை செஞ்ச வேலை சரியான எம்டன் வேலை. ஹைன்கல் கம்பெனி செஞ்ச 100 என்ற சண்டை விமானம் படைக்குத் தேர்வாகலை. டி-1 ரகத்தில் ஒரு டஜன்தான் இருந்தது. அந்த டஜனை வரிசையா நிறுத்தி, ஒரு சின்னம் பெயின்ட் அடிச்சுப் படம் எடுத்து, அப்புறம் வேற சின்னம் அடிச்சு மறுபடி படம் எடுத்து, 'ஹைன்கல் 113' என்று புதுப் பேர் வெச்சுப் பத்திரிகைக்குக் கொடுத்தாங்க. பிரிட்டிஷ் அடையாளப் புத்தகத்திலேயே அது ஏறிடுச்சு. ஆர்.ஏ.எஃப். விமானிகள் வானத்தில் 113-ஐப் பார்த்தேன், சண்டை போட்டேன் என்று அறிக்கை கொடுத்தாங்க. பொய் சொல்லலைங்க. போட்டோவில் பார்த்ததைத்தான் வானத்திலும் பார்த்தாங்க. உயிரைப் பணயம் வெச்சுப் பறந்தவன் கண்ணே அப்படின்னா, டீ குடிச்சுக்கிட்டுப் பார்க்கற நம்ம கண்ணு எந்த மூலைக்கு?

மஞ்சள் மூக்கு சமாசாரமும் அப்படித்தான். 1940-ல் மூக்கில் மஞ்சள் பூசின மெஸ்ஸர்ஷ்மிட் என்றால் கோரிங்கின் தனிப்படைன்னு பேச்சு கிளம்பிச்சு. அது தன் ஆளைத் தானே சுடாம இருக்கப் பல படைக்கும் பொதுவா அடிச்ச அடையாளப் பெயின்ட். இன்னிக்கும் அந்தக் கதையை அப்படியே எழுதறாங்க.

ஏன் எல்லாரும் பேருக்கு ஆசைப்படறோம் என்பதுதான் எனக்கு உண்மையான கேள்வி. பேர் இருந்தா படம் விலை போகும். ஏலத்தில் 'அடையாளம் தெரியாத 109' ஒரு விலை, 'மார்செய்யின் 109' வேற விலை. விக்கறவனை விடுங்க, அவன் வியாபாரி. நமக்கு என்ன வந்தது? ஹிட்ஸ். அப்புறம் அந்த 'ஏஸ்' மோகம். 158 விமானம் வீழ்த்தினவர் என்று சொல்லும்போது ஏதோ சதம் அடிச்ச பேட்ஸ்மேனைச் சொல்ற மாதிரி ஒரு குரல் வருது பாருங்க, அதுதான் எனக்கு எரிச்சல். விழுந்த விமானம் பூரா நட்சத்திரங்களுடையதா இருந்தா மத்தவங்க எல்லாம் எதில் விழுந்தாங்க? பயிற்சி முடிச்சு மூணாவது தடவை பறந்தப்போ விழுந்த இருபது வயசுப் பையனோட விமானம்தான் எண்ணிக்கையில் அதிகம். அவன் பேரை யாரும் யூகிக்கறதில்லை. அவன் கிடந்த இடத்தில் பிரபலத்தைப் படுக்க வைக்கறோம்.

இப்போ புதுசா ஒரு கூத்து. பழைய படத்தைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தா ஒரே நொடியில் கலராக்கித் தருது. என் யுங்கர்ஸ் படத்தையும் யாரோ அப்படிக் கலராக்கிச் சுத்த விட்டிருக்காங்க. போன மாசம் பார்த்தேன். அழகாத்தான் இருக்கு. புல் பச்சை, வானம் நீலம், சிப்பாய் முகம் ரோஸ். அந்தப் பட்டை இருக்கே, கிழக்கு முனை மஞ்சள் பட்டை, அதுக்கு மெஷின் வெள்ளை அடிச்சிருக்கு. வெள்ளைப் பட்டை மத்தியதரைக்கடல் முனைக்கு உண்டான அடையாளம். கீழே என்னோட பழைய 2009 தலைப்பு, இங்கிலாந்து தேதியோட, நாலு பேர் பேரோட. ஆக ரஷ்யாவில் இறங்கின விமானம், இங்கிலாந்துத் தேதியில், இத்தாலிப் பக்கத்துப் பெயின்ட்டோட! நான் போட்ட விதை, வேற யாரைத் திட்ட?

கறுப்பு வெள்ளையில் 'இது மஞ்சளா வெள்ளையா' என்ற கேள்வியாவது பாக்கி இருந்தது. கலராக்கினதும் கேள்வியே செத்துடுது. அதனாலதான் கலர் படம் போடறவங்க மேல எனக்கு அவ்வளவு கோபம், ரசனை பிரச்சினை இல்லை.

"அப்ப எதையுமே சொல்லக் கூடாதா? படத்தைப் போட்டுட்டு வாயைப் பொத்திக்கணுமா?" சொல்லுங்க சாமி. நிறையச் சொல்லுங்க. 109-இல் இறக்கை நுனி சதுரமா வெட்டினாப்பல இருக்கா, வாலுக்கு அடியில் முட்டுக் கம்பி இருக்கா, அப்போ ஈ ரகம். நுனி உருண்டு, முட்டு இல்லாம இருந்தா எஃப் அல்லது அதுக்கு அப்புறம். காக்பிட்டுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் வீக்கம் மாதிரி புடைச்சிருந்தா ஜி-யில் பிந்தினது. இதெல்லாம் கண்ணால பார்த்துச் சொல்றது, யாரும் சரிபார்க்கலாம். பட்டியலில் படிச்சதைப் பட்டியலில் படிச்சேன்னு தனியா எழுதுங்க. யூகம்னா யூகம்னு தலைப்பிலேயே போடுங்க, பி.கு-வில் இல்லை. மூணையும் ஒரே வாக்கியத்தில் கலந்து சாம்பார் பண்ணிடறதுதான் சிக்கல். எழுதும்போது உங்களுக்கு எது எதுன்னு தெரியும். எடுத்துப் போடறவனுக்குத் தெரியாது. அவன்கிட்டேயிருந்து எடுத்துப் போடறவனுக்குச் சுத்தமாத் தெரியாது.

பேர் சொல்லியே ஆகணும்னா அதுக்கும் வழி இருக்கு. தயாரிப்பு எண் தெரியற படம், அதே எண் இழப்புப் பட்டியலில், தேதியும் இடமும் பொருந்தற ஓர் அறிக்கை. மூணும் சேர்ந்தா தாராளமா எழுதுங்க, நான் முதல் ஆளா வந்து கைதட்டறேன். அந்தப் பட்டியல்களும் 1943 முடிய ஓரளவு ஒழுங்கா இருக்கு, 1944-க்கு மேல துண்டு துண்டாத்தான் கிடைக்குது. கடைசிக் கால விமானத்துக்கு யாராவது அடிச்சுப் பேர் சொன்னா, கொஞ்சம் தள்ளி நின்னே கேளுங்க.

நேத்து ராத்திரி உக்காந்து என் பழைய பதிவின் தலைப்பை மாத்தினேன். 15 வருஷத்துக்கு மேல லேட்டு. இப்போ இப்படி இருக்கு: 'யுங்கர்ஸ் 88, ஏ-4. வயிற்றால் இறங்கியது. கிழக்கு முனைப் பட்டை, எனவே 1941 ஜூன் அல்லது அதற்குப் பின். படை 5கே அல்லது 9கே. நிற்பவர் ஜெர்மன் சிப்பாய். முன்பு இங்கே இருந்த நாலு பேர் பெயர் தவறு.' பேர்களை எடுத்துட்டேன். என் படத்தை எடுத்துப் போட்டவங்க இதைப் படிச்சா தயவுசெஞ்சு நீங்களும் மாத்துங்க. எனக்குக் கிரெடிட் கொடுக்கலைன்னா பரவாயில்லை.

வடஆப்பிரிக்காவில் நாலாவது இந்திய டிவிஷனோட மெட்ராஸ் சாப்பர்ஸும் இருந்தாங்க. உங்கள்ல யார் வீட்டுத் தாத்தா டிரங்குப் பெட்டியிலாவது உடைஞ்ச விமானத்துக்கு முன்னாடி நின்ன படம் இருக்கலாம். கிடைச்சா போடுங்க. தாத்தா பேரைத் தைரியமாப் போடுங்க, விமானி பேரைக் கொஞ்சம் விட்டு வைங்க.

மார்செய் படம் போட்ட அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சண்டை போட வரலை. அந்த ஒரிஜினல் பிரின்ட் உங்க கையில் இருக்குன்னு எழுதியிருந்தீங்க. பின்பக்கம் பென்சிலில் ஏதாவது எழுதியிருக்கா? இருந்தா அதையும் ஸ்கேன் பண்ணிப் போடுங்க. பாதி அழிஞ்சிருந்தாலும் பரவாயில்லை.